கிளட்ச் மிதிக்கிற கால்

சூட்டுக் கட்டி என்று சொன்னவர்கள் எல்லாரும் டிரைவர்கள். நானும் டிரைவர்தான், நம்பினேன். சிறுமலையிலிருந்து திண்டுக்கல்லுக்கு வாழைத்தார் கொண்டுவரும் பழைய வேன் ஓட்டினேன். அதில் என்ஜின் பெட்டி இடது தொடையை ஒட்டியே இருக்கும். மலை ஏறும்போது தொடை வெந்துபோகும். தொண்ணூறுகளின் கடைசியில் அந்தத் தொடையில் எலுமிச்சை அளவு ஒரு வீக்கம் வந்தது. என்ஜின் சூடுதான் என்று ஸ்டாண்டில் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள்.

“ஏலே, தொப்புள்ல வெளக்கெண்ணெய வச்சுட்டுப் படு. பத்து நாள்ல ஓடிப்போகும்.”

வைத்தேன். இளநீர் குடித்தேன். ஈரத்துண்டை மடித்துத் தொடைக்கும் பெட்டிக்கும் நடுவில் செருகிக்கொண்டு ஓட்டினேன். நாலு மாதம் இந்தக் கூத்து. வீக்கம் தேங்காய் மூடியைக் கவிழ்த்த மாதிரி ஆனது. ஒரு நாள் மலை ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் கிளட்சை மிதிக்கப் போன கால் பாதியில் நின்றுவிட்டது. வேன் பின்னால் உருண்டு பாறையில் முட்டியதால் பிழைத்தேன். அப்புறம்தான் டாக்டரிடம் போனேன். புத்தி கெட்டவன்.

டவுனில் ஒரு தனியார் டாக்டர். தொட்டதுமே கேட்டார்: “சூட்டுக் கட்டின்னா தொட்டா சுடணும்ல? இது சில்லுன்னு கெடக்கே.”

நாலு மாதமாக நானும் தொட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு உறைக்கவில்லை.

ஸ்கேனைப் பார்த்துவிட்டு, சதையில் வந்த புற்றுநோய் மாதிரி இருக்கிறது, பரவுவதற்குள் காலை எடுத்துவிடலாம் என்று கையெழுத்துக் கேட்டார்.

“மாதிரின்னா? புத்துதானா, இல்லையா?”

“பாதிக்கு மேல அப்படித்தான் தெரியுது.”

“மிச்சத்துக்கு நான் என்ன செய்ய?”

என் மனைவியின் அண்ணன் கூடவே இருந்தார். “போடுங்க மாப்ள. உசுரு முக்கியம். காலில்லாட்டி ஒரு பெட்டிக்கடைய வச்சுக்கிருவோம்.”

“பெட்டிக்கடைய நீங்க வைங்க மச்சான். எனக்குக் கிளட்ச் மிதிக்கணும்.”

கையெழுத்துப் போடவில்லை. மதுரைக்குப் போய், ஊசி குத்திச் சீழையும் கொஞ்சம் சதையையும் பரிசோதனைக்குக் கொடுத்தேன். முடிவு வரப் பத்து நாளுக்கு மேல் ஆகும் என்றார்கள்.

அந்தப் பத்து நாளும் தைரியசாலி மாதிரி நடித்தேன். காலையில் ஒரு நூலை வைத்து வீக்கத்தைச் சுற்றி அளப்பேன். “இன்னைக்கு எப்படிங்க?” என்பாள் மனைவி. “அம்புட்டுதான் இருக்கு” என்பேன். பொய். நூல் நாளுக்கு நாள் பற்றவில்லை. என் வீம்பில் உயிரையே விட்டுவிடுவேனோ என்று நினைத்துக்கொண்டே நூலைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைப்பேன். மச்சான் தினமும் வந்தார். கட்டிலில் உட்கார்ந்து, என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நான் குடித்து மீதம் வைத்த காப்பியை எடுத்துக் குடித்தார். “என் தங்கச்சிய நெனச்சாவது போடுங்க மாப்ள” என்பார். பதினோராம் நாள், கையெழுத்தைப் போட்டுவிடலாம் என்றே நினைத்தேன். மறுநாள் முடிவு வந்தது.

டிபி. காசநோய். சதையில் வருவது அபூர்வம் என்றார் மதுரை டாக்டர். “காலை எடுக்க வேண்டாம். மாத்திரையிலயே கரையும். நெஞ்சுல ஒண்ணுமில்ல, அதனால யாருக்கும் ஒட்டாது.” மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மச்சான் கட்டிலை விட்டு எழுந்தார். வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

“இருமவே இல்லையே மாப்ள, எப்படி டிபி வரும்?”

“தொடை இருமாது மச்சான்.”

யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். தலையை ஆட்டினார். அதன்பின் வீட்டுக்குள் வரவே இல்லை. தெருவில் சைக்கிளை நிறுத்தி, ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டே தங்கச்சியிடம் விசாரித்துவிட்டுப் போவார். வெட்டப்போகிற காலை மடியில் வைத்துக்கொண்டவர், பிழைத்த காலுக்குப் பக்கத்தில் வரவில்லை.

மாத்திரை வயிற்றைப் புரட்டியது. மூத்திரம் சிவப்பாகப் போனது. ஆனால் வீக்கம் வற்றியது. ஐந்தாம் மாதம் மச்சான் மகளுக்கு வடமதுரைப் பக்கம் ஒரு கோயிலில் காதுகுத்து. “சின்னப் புள்ளைக இருக்கிற எடம். தங்கச்சி மட்டும் வரட்டும்” என்று சொல்லியனுப்பினார்.

“வம்பு வேணாங்க” என்றாள் மனைவி.

போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி, கோயில் வரைக்கும் நடந்தேன். கால் எங்கேயும் நிற்கவில்லை. பந்தியில் முதல் வரிசையில், அந்தக் காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் இலையோடு நகர்ந்தார். வெஞ்சன வாளியோடு வந்த மச்சான் என்னைப் பார்த்ததும் நின்றார். தள்ளி நின்றே கரண்டியை நீட்டினார். பொரியல் இலைக்கு வெளியே விழுந்தது.

“கிட்ட வந்து வைங்க மச்சான்.”

அவர் வாளியைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் கையை நீட்டி வாளியை இழுத்து, இரண்டு கரண்டி போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.