இரவல் பாய்மரம்

போன வாரம் மதுரையில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப் பொடி வாங்க நின்றேன். வயிறு இப்போதெல்லாம் என் பேச்சைக் கேட்பதில்லை. அது வேறு கதை. எனக்கு முன்னால் நின்ற அம்மாளுக்குக் கடைக்காரர் குங்கிலியம் நிறுத்துக்கொண்டிருந்தார். பொட்டலம் கட்டும்போது கொஞ்சம் சிந்தியது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கடுக்காய் மறந்துபோயிற்று. குங்கிலியம் என்றால் மற்றவர்களுக்குப் பூஜை அறை நினைவுக்கு வருமோ என்னவோ. எனக்கு மண்டபம் கடற்கரையில் கரையேற்றிக் கிடந்த தோணிகள்தான் வரும்.

தோணியின் பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தை மேலே பூசுவார்கள். கலப்பத்து அடிப்பது என்று அதற்குப் பெயர். அந்தப் பஞ்சு எங்கள் கமுதிப் பக்கத்துக் கரிசலில் விளைந்தது என்று அங்கே போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். நானும் அதே கரிசலிலிருந்து போனவன்தான். பஞ்சாவது ஓட்டையை அடைத்தது. கடலையே பார்த்திராத என்னைக் காற்று அளக்க அனுப்பி வைத்தார்கள்.

ஆமாம், காற்று அளக்கத்தான். அறுபதுகளின் தொடக்கம் அது. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவே ரயில் பாலம் மட்டும் இருந்தது. பஸ்ஸும் லாரியும் போக ஒரு பாலம் போட முடியுமா என்று பார்க்க ஒரு சின்ன ஆபீஸ் திறந்திருந்தார்கள். ஆபீஸ் என்றால் ஓலைக் கொட்டகை, இரண்டு மேஜை, எப்போதும் வாய்க்குள் மணல். கடல் மேல் பாலம் கட்டுவதற்கு முன்னால் அங்கே காற்று எப்படி அடிக்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா? ஒரு பக்கம் மணல் மேடு, ஒரு பக்கம் பாறை, இடையில் உடைமரக் காடு. காற்று எதில் மோதி எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் கம்பம் நட்டு, அதன் உச்சியில் சுற்றும் கிண்ணங்களை மாட்டி, அடியில் இருக்கும் முள் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்து எழுதுவோம்.

கொட்டாங்கச்சி போல இருந்த அந்தக் கிண்ணங்களுக்கு ஊர்க்காரர்கள் சிரட்டை என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் ஆபீஸ் சிரட்டை ஆபீஸ் ஆயிற்று. எனக்கு என்ன பெயர் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அந்தச் சமயத்தில் எனக்குப் பெண் பார்த்த இடத்தில், "மாப்பிளைக்குச் சிரட்டை தூக்குற வேலையாமே" என்று யாரோ சொல்லப்போய், பிச்சைக்காரன் என்று நினைத்து அவர்கள் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். அந்தப் பெண் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

எங்கள் பொறியாளர் மைசூர்ப் பக்கத்துக்காரர். அதிர்ந்து பேசாத மனிதர். புத்தகம் வைத்துத் தமிழ் படித்தவர் என்பதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. விளக்கம் சொல்ல நான் வாயைத் திறந்தால் போதும், "நான் அறிவேன்" என்று கையமர்த்திவிடுவார். ஒரு நாள் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களிடம் எந்தக் காற்று பொல்லாதது என்று அவரே நேராகக் கேட்டார்.

"இப்ப மேல்காத்துக்குத்தான்யா பயப்படணும். கீழ்காத்துக்கு நாளு கெடக்கு" என்றார்கள்.

மேற்கிலிருந்து வருவது மேல்காற்று, கிழக்கிலிருந்து வருவது கீழ்காற்று. மேலத்தெரு, கீழத்தெருவில் பிறந்து வளர்ந்த நமக்கு இதில் சந்தேகமே வராது. அவருடைய புத்தகத்திலோ மேல் என்றால் உயரம், கீழ் என்றால் தரை. முகமெல்லாம் மலர்ச்சியாக என்னிடம் வந்தார்.

"பார்த்தீரா? உயரத்துக் காற்றுதான் அபாயம் என்று இவர்களே சொல்கிறார்கள். நம் கம்பம் போதாது!"

"சார், மேல்னா வந்து..."

"நான் அறிவேன்."

சரி, அறிந்தவரிடம் நான் என்ன சொல்ல? உயரமான மரத்துக்கு எங்கே போவது என்று தேடத் தொடங்கினோம். அங்கே நின்ற குட்டைப் பனை போதவில்லை. அப்போதுதான் கரையில் மரைக்காயரின் தோணி கண்ணில் பட்டது. மேல்காற்றுக் காலத்தில் அது ஓடாது. பாய்மரத்தைக் கழற்றி மணலில் கிடத்தியிருந்தார்கள். மரைக்காயர் கீழக்கரைக்காரர். பாம்பன் வழியாக வடகடலுக்குப் போய் யாழ்ப்பாணத்தில் சரக்கு இறக்குவது அவர் பிழைப்பு. மதம் பார்க்காமல் முறை வைத்துக் கூப்பிடும் எங்கள் பக்கத்து வழக்கப்படி அவர் எனக்கு மாமா, நான் அவருக்கு மாப்பிள்ளை.

பொறியாளர் வாடகை பேசப் போனார். மரைக்காயர் கையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"வாடகை வேணாங்க. மரம் சும்மாதானே கெடக்கு, எடுத்துக்கிருங்க. ஆனா ஒண்ணு கேக்கணும். ரயில் பாலம் தொறந்து எங்களுக்கு வழி விடுது. நீங்க போடுற பாலம் தொறக்குமா?"

"திறக்காது" என்றார் பொறியாளர்.

"அப்பத் தாழப் போட்டுட்டீங்கன்னா எந்தோணி அங்கிட்டுப் போவ முடியாது. அத நம்பி எம்புட்டு அடுப்பு எரியுதுன்னு இந்த மாப்பிளையக் கேளுங்க. இந்த மரத்தோட ஒசரத்த அளந்து, பாலம் இதுக்கு மேலதான் வரணும்னு ஒங்க பெரியவுகளுக்கு எழுதிப் போடணும். அதான் எனக்கு வாடகை."

பொறியாளர் மணலில் கிடந்த மரத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். "எழுதுகிறேன். முடிவு என் கையில் இல்லை" என்றார்.

"எழுதுனாப் போதும். மிச்சத்த அல்லா பாத்துக்கிருவான்."

மணல் மேட்டில் பாய்மரத்தை நிறுத்திய அன்று, தோணியில் ஏற்றும்போது செய்வது போலவே பாத்திஹா ஓதி எல்லோருக்கும் சீனி கொடுத்தார்கள். பொறியாளரும் கை நீட்டி வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். உச்சியில் ஒரு சிரட்டை, 'கீழ்காற்றுக்காக' அடியில் ஒரு சிரட்டை. நாள் முழுக்க மணல் முகத்தில் அறைய, இரண்டு முள்ளையும் பார்த்துப் பார்த்து எழுதினேன். அப்படிச் சலிப்பான வேலையை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. இன்று நினைத்தால் ஏனோ அதுதான் இனிக்கிறது.

குட்டு உடைந்தது ஒரு டீ வேளையில். "உங்கள் ஊரை ஏன் கீழக்கரை என்கிறார்கள்? பள்ளத்தில் இருக்கிறதா?" என்று பொறியாளர் கேட்டார்.

மரைக்காயருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பள்ளமா? கெழக்குங்க. கீழன்னா கெழக்கு, மேலன்னா மேக்கு."

பொறியாளர் டீயைக் கீழே வைத்தார். மேட்டின் மேல் நின்ற பாய்மரத்தை உச்சிவரை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கே சொல்ல வந்தேன், சார்" என்றேன்.

"நான் அறிவேன்" என்றார், பாவம். அடுத்த நிமிடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். அடியில் இருந்த சிரட்டை பக்கத்து உடைமரங்களின் மறைவில் ஒதுங்கிச் சோம்பேறியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. உச்சியில் இருந்ததோ பிசாசாகச் சுழன்றது. பழைய குட்டைக் கம்பமே போதும் என்று இருந்திருந்தால் அந்தச் சோம்பேறிக் காற்றைத்தான் மெட்ராசுக்கு எழுதி அனுப்பியிருப்போம்.

காற்று அடங்கியதும் மரம் தோணிக்குத் திரும்பியது. பொறியாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அறிக்கையில் மரத்தின் உயரத்தை எழுதிய வரியை என்னிடம் காட்டினார். நான் அதைத் தமிழில் மரைக்காயருக்குப் படித்துக் காட்டினேன். "இன்னொரு தடவ வாசிங்க மாப்பிள" என்றார். வாசித்தேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்போது ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டது போல இருந்தது.

பிறகு ஆபீஸை மூடினார்கள். எனக்கு மாற்றல் வந்தது. அறிக்கை எந்த அலமாரியில் தூங்கியதோ தெரியாது. பாலம் வருவதற்குள் எனக்குத் தலை நரைத்து, மகளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. பாலம் திறந்த பிறகு மரைக்காயரைப் பார்க்கக் கீழக்கரைக்குப் போனேன். நன்றாகத் தளர்ந்திருந்தார். துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருந்த அவருடைய கடைசி மகன் எங்கள் இருவரையும் காரில் பாலத்துக்கு அழைத்துப் போனான்.

நடுப்பாலத்தில் இறங்கினோம். மரைக்காயர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உயரம் அளப்பவர் போல, தண்ணீரையும் பாலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கீழே விசைப்படகுகள் புகைவிட்டபடி போய்க்கொண்டிருந்தன. யாழ்ப்பாணத்து வியாபாரம் நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டிருந்தது. தோணியை உடைத்துப் பலகையை விலைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று வரும் வழியில்தான் அவர் மகன் சொல்லியிருந்தான்.

"போகும் மாப்பிள" என்றார் மரைக்காயர். முகத்தில் அப்படியொரு திருப்தி. "தாராளமாப் போகும்."

"எது வாப்பா?" என்று கேட்டான் மகன்.