மச்சாள் அடித்த விசில்

போன ஞாயிறு. கொழும்பில் ஒரு மோலுக்குள் இருக்கும் ஏசி தியேட்டர். ஹீரோ திரையில் தோன்றிய அதே விநாடி, என் பக்கத்து சீட்டிலிருந்து ஒரு விசில் கிளம்பியது. சும்மா விசில் இல்லை — இரண்டு விரலை வாய்க்குள் வைத்து, காது கிழிய அடிக்கிற கலரி விசில்.

அடித்தவர் என் கணவரின் மூத்த அக்கா, பிலோமினா மச்சாள். கொட்டாஞ்சேனைக்காரி. ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க்காக இருந்து இப்போதுதான் ஓய்வு பெற்றவர். கோயில் பாட்டுக் குழுவில் அவருக்கு முன்வரிசை.

கொஞ்சம் பின்னால் போகவேண்டும். போன கிழமை பத்திரிகையின் இதே பக்கத்தில் பழைய தியேட்டர்களை நினைத்து உருகியிருந்தேனே, ஞாபகமா? மலிவு டிக்கெட் கலரியின் மர வாங்கு, இடைவேளைக் கடலை, ஹீரோ வந்ததும் பறக்கும் கடதாசித் துண்டுகள், விசில்... "அந்த ஆரவாரத்தைக் கொன்றது யார்?" என்று கேட்டு முடித்திருந்தேன். சிலர் போன் எடுத்துப் பாராட்டினீர்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு நாளும் கலரியில் இருந்ததில்லை. எனக்கு விபரம் தெரிந்தபோது அந்தத் தியேட்டர்களில் பாதி பூட்டியாகிவிட்டது. எழுதியதெல்லாம் மச்சாள் சொன்ன கதைகள். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் ஒஃபீஸ் சிநேகிதிகளோடு மெட்னி ஷோவுக்கு ஓடிய கதைகள். அந்த நன்றிக்குத்தான் படத்துக்குக் கூட்டிப்போனேன்.

வெள்ளவத்தையில் வீட்டைப் பூட்டும்போதே எனக்குப் பயம். நாலு வயது மகள் அழுவாளா? ஏசி குளிருமா? சத்தம் காதுக்குக் கூடாதா? ஸ்வெட்டர், தண்ணீர்ப் போத்தல், மாற்றுடுப்பு என்று பெரிய பையோடு போனேன். மச்சாளோ புதுச் சேலை கட்டி, ஒரு ஹேண்ட்பேக்கை மட்டும் நெஞ்சோடு அணைத்தபடி வந்தார்.

உள்ளே போனால் — எங்கள் வரிசையிலேயே மகளின் மொண்டிசோரி டீச்சர்! சிரித்தார். நானும் நல்ல அம்மாவாகச் சிரித்தேன். படம் தொடங்கியது. விசிலும் வந்தது.

முன்வரிசையில் இருந்த, கெம்பஸில் படிக்கிற பெண்பிள்ளைகள் மொத்தமாகத் திரும்பினார்கள். டீச்சரும் பார்த்தார். மகள் கைதட்டினாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மச்சாள் அடுத்ததாக ஹேண்ட்பேக்கைத் திறக்கப்போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"மச்சாள், ப்ளீஸ்... ஆக்கள் பாக்கினம். என்ர மானத்தை வாங்காதேங்கோ."

"சொரி பிள்ளை."

அவ்வளவுதான். கைகளை மடியில் கோத்துக்கொண்டு, பூசையில் இருப்பவர் போல இருந்தார். தியேட்டரே சிரித்த பகிடிக்கும் சிரிக்கவில்லை.

இடைவேளையில் மகளின் வாயெல்லாம் ஐஸ்கிறீம். டிஷ்யூ எடுக்க மச்சாள் ஹேண்ட்பேக்கைத் திறந்தார். உள்ளே பொடிப்பொடியாகக் கிழித்த பேப்பர். பை நிறைய.

"என்ன மச்சாள் இது?"

"ஹீரோ வரேக்க எறியக் கொண்டு வந்தனான். நீதானே எழுதினனி, இப்ப ஒருத்தரும் எறியிறேல்லை எண்டு." பிறகு அவசரமாகச் சொன்னார்: "உன்ர பக்கத்தைக் கிழிக்கேல்லை. அதை எடுத்து வச்சிருக்கிறன். இது விளையாட்டுப் பக்கம்."

"மற்றப் பாதியில எறியுங்கோ மச்சாள்" என்றேன். சொன்ன கையோடு யோசனை — யார் கூட்டுவது? தியேட்டர்க்காரர் ஏசினால்? அது முகத்தில் தெரிந்திருக்கவேண்டும்.

"வேண்டாம் பிள்ளை. கூட்டுற ஆக்களுக்கும் கரைச்சல்."

படம் முடிந்து வெளியே வர, முன்வரிசைப் பிள்ளைகளில் ஒருத்தி ஓடிவந்தாள். நான் மன்னிப்புக் கேட்க ஆயத்தமானேன்.

"அன்ரி, விசில் நீங்கள்தானே? சுப்பர்! பிறகு ஏன் அடிக்கேல்லை? நாங்கள் பாத்துக்கொண்டே இருந்தம்!"

பின்னால் டீச்சரும் தலையாட்டிச் சிரித்தார். மச்சாள் என் பக்கம் திரும்பவேயில்லை.

"பல்லு நோகுது மகள்" என்றார் அந்தப் பிள்ளையிடம்.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வழி முழுக்க அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பழைய காலம் நமக்குப் பிடிக்கும் — அது பழைய காலத்திலேயே இருக்கும்வரை. எழுந்து வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால்? "உஷ்" என்கிறோம்.

இப்போது மகள் வாய்க்குள் விரலை வைத்து வீடெல்லாம் ஊதித் திரிகிறாள். எச்சில்தான் வருகிறது. "சீ, கிருமி!" என்று சொல்ல வாயெடுத்து... மூடிக்கொண்டேன்.

ஆரவாரத்தைக் கொன்றது யார் என்று கேட்டிருந்தேன் அல்லவா? ஆள் அகப்பட்டுவிட்டது. வாராவாரம் இந்தப் பக்கத்தில் எழுதுகிறதாம்.