இரண்டு சாட்சிகளும் ஒரு கண்ணாடிக் கடலும்

"உணர்ச்சிக்கு இடம் கொடாதவர், யூகத்தை ஏற்காதவர், அளந்து பேசுபவர்." காப்பீட்டு நிறுவனம் பணி நிறைவு நாளில் என் பக்கத்து வீட்டு ஆய்வாளருக்குக் கொடுத்த மரப்பலகையில் இப்படிப் பொறித்திருக்கிறது. ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அந்தப் பலகையையே முட்டுக்கொடுத்துவிட்டு, தெருவோடு போன பால்காரரை நிறுத்தி, முந்தின நாள் முனையில் இரண்டு வண்டிகள் மோதியது பற்றி அரைமணி நேரமாக யூகித்துக்கொண்டிருக்கிறார்.

"மோதினதப் பார்த்தேன்னு சொல்றீங்க. சரி. நீங்க எங்க நின்னீங்க?"

இந்தக் கேள்விதான் தெருவில் அவருக்குப் பெயர். "எங்க நின்னீங்க வர்றாரு" என்றால், சுவாரசியமாக எதையோ விவரித்துக்கொண்டிருப்பவர்கள் சட்டென்று வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். தீ, திருட்டு, விபத்து என்று நேரில் போய், பொய்க் கோரிக்கைகளைப் பிரித்தெடுத்தது அவர் தொழில். இரண்டு சாட்சிகள் ஒரே மாதிரி சொன்னால் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். "ரெண்டு ஆளு, ஒரே வாய்" என்பார். வீட்டில் மனைவியும் மகளும் தாமதத்துக்கு ஒரே காரணம் சொன்னாலும் இதே கதிதான்.

தேவாலயத்தில் கடைசி வரிசைக்காரர். ஆனால் போன வாரம் முழுக்க அவர் மேசைமேல் இருந்தது அக்காவின் வேதாகமம்.

அக்கா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்தாள். அறுவை செய்தால் நடக்கலாம். இதயம் இருக்கிற நிலையில் மயக்கத்திலிருந்து எழாமலும் போகலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லியிருந்தார். போவதற்கு அக்கா பயப்படவில்லை. போகிற இடம் இருக்கிறதா என்பதில்தான் திடீர்ச் சந்தேகம். காரணம், நலம் விசாரிக்க வந்த நாத்தனார். வேதாகமத்தில் பரலோகக் காட்சி கண்டவர்களில் பின்னால் வந்த யோவான், முன்னால் இருந்த எசேக்கியேலைப் பார்த்து எழுதிவிட்டார். அதே சிங்காசனம், அதே வானவில், அதே நான்கு ஜீவன்கள் என்று, ஆறுதல் சொல்ல வந்த வாயாலேயே சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"பொய்யைக் கண்டுபிடிச்சே சம்பளம் வாங்கினவன் நீ. பார்த்துச் சொல்லு. அப்புறந்தான் கத்திக்குச் சம்மதிப்பேன்" என்றாள் அக்கா.

"நான் வண்டி மோதினதப் பார்க்கிறவன்க்கா!"

"இதுலயும் சக்கரம் இருக்குடா. போய்ப் படி."

படித்தார். சக்கரத்துக்குள் சக்கரம், விளிம்பெல்லாம் கண்கள். தம் அனுபவம் இந்தச் சக்கரங்களுக்கு உதவவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் ஒப்புக்கொண்டார். எசேக்கியேலின் ஜீவன்களுக்கு நான்கு சிறகுகள், யோவானுடையவற்றுக்கு ஆறு. இருவரும் ஒரு சுருளைத் தின்கிறார்கள். இருவருக்கும் தேனாக இனிக்கிறது. யோவானுக்கு மட்டும் வயிறு கசந்துபோகிறது.

"காப்பியடிக்கிறவன் வயித்து வலியைச் சேர்த்துக்குவானா சார்?" என்றவர், மறு நிமிடமே, "கெட்டிக்காரன்னா சேர்ப்பான்" என்று தம் கட்சியைத் தாமே உடைத்தார்.

பளிங்கில்தான் பிடி கிடைத்தது. எசேக்கியேல், ஜீவன்களின் தலைக்கு மேலே பளிங்குபோல் விரிந்த ஒன்றைக் காண்கிறார். சிங்காசனம் அதற்கும் மேலே. யோவானோ சிங்காசனத்துக்கு முன்னால், பளிங்குபோன்ற கண்ணாடிக் கடலைக் காண்கிறார். ஆய்வாளர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்.

"அக்கா, எசேக்கியேல் நின்னது கீழ. யோவானை மேல ஏறி வான்னு கூப்பிட்டிருக்காங்க. அவருக்குக் கூரை, இவருக்குத் தரை. நடுவுல ஒரே பளிங்கு!"

"அப்ப இவரு பார்த்து எழுதலையா?"

"அவரைப் படிச்சிருக்காரு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா பார்த்து எழுதுறவன் கூரையைக் கூரைன்னுதானே எழுதுவான்?"

"அப்ப இடம் இருக்குங்கறே."

ஆய்வாளர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் போய்ப் பார்க்கலக்கா. இந்த ரெண்டு பேரையும் தள்ளிவிட என்கிட்ட காரணம் இல்ல. அவ்வளவுதான்."

"அவ்வளவு போதும். டாக்டரைக் கூப்பிடு." அவர் கதவருகே போனதும் அக்கா மறுபடி அழைத்தாள். "ஏன்டா, கண்ணாடித் தரைன்னா வழுக்குமே?"

அவர் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் திரும்புகிற வழியில், கீழே மருந்துக்கடையில், அடியில் ரப்பர் புள்ளிகள் வைத்த காலுறை ஒரு ஜோடி வாங்கி வந்து, அக்காவின் இரண்டு பாதங்களிலும் மாட்டிவிட்டார்.