சீக்கு வண்டியின் தவுலுத் தோலு

அப்பா முத்தம் கொடுத்தால் கன்னம் முதலில் ஜில்லென்று குளிரும், பிறகு எரியும். ரப்பர் குழாயின் ஒரு நுனியை டாங்கிலும் மறுநுனியை வாயிலும் வைத்து உறிஞ்சி, பெட்ரோல் ஏறி வருகிற நொடியில் குழாயை விலக்கித் துப்புவதே அவருடைய அன்றாடமாக இருந்ததால், மீசையில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் மிச்சமிருக்கும்.

சூரியநெல்லிப் பக்கம் நாங்கள் இருந்த எஸ்டேட்டின் துரை, எழுபதுகளின் தொடக்கத்தில் சீமைக்குத் திரும்பியபோது நாயைக் கூட்டிக்கொண்டு போனார். காரை விட்டுவிட்டுப் போனார். நாய்க்கு வயது குறைவு. அந்தப் பழைய கறுப்புக் காரை நோயாளிகளை டவுன் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக வைத்துக்கொண்டு, அப்பாவை அதற்கு டிரைவராகப் போட்டார்கள். லயத்து வரிசை வீட்டு ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் "சீக்கு வண்டி". உடம்பு நன்றாக இருக்கிறவர்கள் ஏறினால் சீக்கு வந்துவிடும் என்று யாரும் கிட்டே போகமாட்டார்கள். நான் மட்டும் தினமும் ஷெட்டுக்குள் நுழைந்து, ஏறி உட்கார்ந்து ஹாரன் அடிப்பேன். எனக்கு வந்த ஒரே சீக்கு அப்பா விட்ட அறை.

எஞ்சினின் விலாவில் ஒட்டிக்கொண்டிருந்த பெட்ரோல் பம்புக்குள் வட்டமாக ஒரு தோல் உண்டு. டயஃப்ரம் என்பது அதன் பெயர். அப்பாவுக்கு அது "தவுலுத் தோலு". அது மேலும் கீழும் துடித்தால்தான் டாங்கில் இருக்கிற பெட்ரோல் எஞ்சினுக்கு ஏறும். "தவுலு நின்னா கல்யாணம் நின்னுரும்லே" என்பார். அந்தத் தோல் வெடிப்பு விட்டிருந்தது. ஆபீசில் சொல்லியிருந்தார். புதுத் தோல் மதுரையிலிருந்து "வந்துக்கிட்டே இருக்கு" என்றார்கள். மழைக்காலம் முழுக்க அது வந்துகொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் ஸ்டெல்லா அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒரு காலையில் வலி எடுத்தது. எஸ்டேட் கம்பவுண்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "பிள்ள குறுக்க கெடக்கு, டவுனுக்குக் கொண்டு போயிருங்க" என்றார். பின்சீட்டில் அக்கா, அவள் தலையை மடியில் வைத்து அம்மா. முன்சீட்டில், அழுது அடம்பிடித்து இடம் வாங்கிய நான்.

கணவாய் ஏற்றத்தில், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமான வளைவில், வண்டி இருமியது, விக்கியது, நின்றது. அப்பா பானெட்டைத் தூக்கிப் பம்பைக் கழற்றினார். "தோலு கிழிஞ்சிருச்சு" என்றவர், பள்ளத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தார். பனி ஈரம் படாமல் இருக்க அவர்கள் இடுப்பில் ரப்பர் படுதா கட்டியிருப்பார்கள். "ஏலே, ஓடு. பம்பு தோலுக்கு ஒரு துண்டு ரப்பர் படுதா வேணும்னு கேளு."

இதைவிட எளிய செய்தி உலகத்தில் கிடையாது. நானும் அதைச் சொல்லிக்கொண்டேதான் இறங்கினேன். ஆனால் பின்னாலிருந்து அக்கா கத்திய ஒரு கத்தலில் படுதா போனது, தோல் போனது, துண்டு போனது. தேயிலைக்கு நடுவே போய் நின்றபோது என்னிடம் மிஞ்சியிருந்தது இரண்டே சொல்: "அக்கா! பம்பு! அக்கா! பம்பு!"

செடிக்குள் காலை விட்டு வேலை செய்கிறவர்களுக்கு அது எப்படிக் கேட்கும்? என் பம்புக்கு அந்த மலைக்காற்றில் ஒரு துணைக்கால் முளைத்துவிட்டது. பாம்புக்குக் கால் இல்லை என்று இனி யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

"அய்யோ பாம்பு!" என்று மொத்த வரிசையும் கூடையைப் போட்டுவிட்டு மேலே ஏறியது. சூப்பர்வைசர் சேட்டன் "எவிடெ? எவிடெ?" என்று கேட்டபடி எதிர்த்திசையில் ஒரு பாறைமேல் ஏறிக்கொண்டார். முன்னால் ஓடிய மரியக்கண்ணு அத்தை, படுதாவை அவிழ்த்துக் கத்தியால் சரக்கென்று ஒரு பட்டை கிழித்து, கார்க் கதவைத் திறந்து அக்காவின் கணுக்காலுக்கு மேலே இறுக்கிக் கட்டியே விட்டாள்.

"என்னப் பாம்பு கடிக்கல அத்தே!"

"கடிக்கலயா? பின்ன எதுக்குடி இந்தக் கத்துக் கத்துற?"

"பிள்ள வருது அத்தே!"

அப்பா பம்பும் கையுமாக என்னைப் பார்த்தார். "நான் உன்ன என்னத்தலே கேக்கச் சொன்னேன்?" நான் "பம்பு" என்றேன், இப்போது மிகத் தெளிவாக. வலிக்கும் வலிக்கும் நடுவே அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "டேய், சிரிக்க வைக்காத, உயிர் போகுது" என்றாள்.

அத்தையின் படுதாவில் மிச்சத்தை விரித்து, கிழிந்த தோலை அதன்மேல் வைத்து அளவாக வெட்டி, அம்மாவின் சேலை ஊக்கால் ஓட்டை குத்தி, அப்பா பம்பை மாட்டினார். "ரப்பரப் பெட்ரோல் தின்னும். அது தின்னு முடிக்கிறதுக்குள்ள போயிரணும்" என்று மட்டும் சொன்னார். பெண்கள் தள்ளினார்கள். வண்டி கிளம்பியது. எல்லோரும் எஞ்சினையே கேட்டுக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரி வாசலில் அப்பா வண்டியை நிறுத்தவில்லை, அதுவாகவே நின்றது.

மத்தியானம் பெண்குழந்தை அழுதது. அக்காவுக்கு உதிரம் நிற்கவில்லை. சாயங்காலம் அவள் உடலை எஸ்டேட் லாரியில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா?" என்று அப்பா டாக்டரிடம் கேட்டார். "சொல்ல முடியாது" என்றார் டாக்டர். நல்ல மனுஷர், பொய் சொல்லத் தெரியவில்லை. அந்த இரண்டு சொல்லை அப்பா சாகும்வரை சுமந்தார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய புதுத் தோல் மதுரையிலிருந்து வந்து சேர்ந்தது. அப்பா அதைத் துடைத்து, ஒரு திருகு விடாமல் பொறுமையாக மாட்டி, வண்டியைக் கிளப்பினார். அதுவரை அது அவ்வளவு சீராக ஓடி நான் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் நின்று கேட்டார். எஞ்சினை அணைத்தார். சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு ஃபேக்டரியில் கொழுந்து காயப்போடும் வேலைக்குப் போய்விட்டார். அதன்பிறகு அவர் முத்தத்தில் எரிச்சல் இல்லை. முத்தமும் குறைந்துவிட்டது.

அக்காவின் மகள் ஜெசியின் பிறந்தநாள் எங்கள் வீட்டில் காலையில் கல்லறைப் பூசையாகத் தொடங்கி சாயங்காலம் கேக்காக முடியும். கேக் வெட்டும்போது சிரிக்க வைப்பது என் பொறுப்பு. பாம்புக் கதையை ஒவ்வொரு வருஷமும் ஒரு அடி நீளமாக்கிச் சொல்வேன். ஒரு பிறந்தநாளில் அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "இன்னையோட அம்மாவ விட நான் மூத்தவளாயிட்டேன் மாமா. இனிமே அவுக எனக்குத் தங்கச்சி." நான் கத்தியை எடுத்து மறுபடி அவள் கையில் கொடுத்தேன்.

வண்டி நின்ற அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். போன மாதம் கூட்டிப்போனேன். லயம் பூட்டிக் கிடக்கிறது, சீக்கு வண்டி எந்த ஊரில் இரும்பாகிப் போனதோ தெரியாது. அதெல்லாம் தெரிந்ததுதான். கணவாய்க்குப் போனால் வளைவையே காணோம். சாலையை அகலப்படுத்தப் பாறையை வெடிவைத்துத் தகர்த்ததில், பழைய பாதை மலையோடு சேர்ந்து பள்ளத்தில் சரிந்திருந்தது.

"எங்க மாமா?" என்றாள்.

சாலை ஓரத்துக் கம்பிக்கு அப்பால், பனிமஞ்சு மிதந்துகொண்டிருந்த வெறும் ஆகாயத்தைக் காட்டி, "அங்கதான்" என்றேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அங்கே எதுவோ நின்றிருப்பதுபோல, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.