வேட்டிக்கு மூன்று எண்ணினேன்

சேலத்தில் நான் வேலை பார்த்த போட்டோ கடையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. கல்யாணப் படம் என்றால் மாப்பிள்ளையின் வேட்டியைப் பார்த்துத்தான் லென்ஸ் மூடியைத் திறந்து மூட வேண்டும். சரிகைக் கரை தெரியாவிட்டால் பெண் வீட்டார் விடமாட்டார்கள். "நாங்க எடுத்துக் குடுத்த பட்டு எங்கீங்க?" என்று பிடித்துக்கொள்வார்கள். அந்த வெளுப்புக்கு, மூடியைத் திறந்து மூன்று எண்ணி மூடினால் போதும். முகங்கள் கறுத்துப்போகும், அதற்காக யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துக் கல்யாணத்துக்கு நான்தான் போனேன். மூன்று எண்ணினேன். சரிகை அப்படியே எழும்பி வந்தது. முதலாளியே முதுகில் தட்டினார்.

அடுத்த வருஷம் ஆனிக் கடைசியில் அந்தக் கல்யாணப் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் கடைக்கு வந்தார்கள். அவர்களுடைய நடு மகள் காய்ச்சலில் இறந்துவிட்டாள். கல்யாணமாகாமல் போன பெண்ணுக்கு ஆடியில் புதுச்சேலை வைத்துக் கும்பிடுவது அவர்கள் வழக்கம். சேலையோடு படமும் வைக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. அந்தப் பெண் படத்தில் நின்றது ஒரே தடவைதான்: அக்காவின் கல்யாணத்தில், பின்வரிசை ஓரத்தில், பந்தல் ஓலையின் நிழலில்.

சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த படத்தை அப்பா துணியிலிருந்து பிரித்தார். "பொழுதன்னிக்கும் பாக்கறோமுங்க. மொகம் கரிச்சட்டியாட்ட இருக்குது. வெளுப்பாவெல்லாம் வேண்டாமுங்க, ஆருன்னு தெரிஞ்சாப் போதும்."

"தெரியற மாதிரி போட்டுத் தரேங்க. எட்டு நாள்ல வாங்க," என்று முதலாளியை முந்திக்கொண்டு சொன்னவன் நான்.

அந்தத் துணிச்சலுக்குக் காரணம் பழைய புத்தகக் கடையில் வாங்கியிருந்த ஓர் இங்கிலீஷ் புத்தகம். படம் பதியும் கண்ணாடி பிளேட்டில் விழும் வெளிச்சத்தையும் அது உண்டாக்கும் கறுப்பையும் கட்டத் தாளில் புள்ளி வைத்து இணைத்தால் ஒரு வளைகோடு வரும். கீழே, வெளிச்சம் போதாத இடத்தில், தரையோடு படுத்துக் கிடக்கும். பிறகு நிமிர்ந்து ஏறும். உச்சியில் மறுபடி சாயும். எந்தக் காகிதம், எத்தனை நேரம் என்று இனி அந்தக் கோடே சொல்லிவிடும் என்று துள்ளிக்கொண்டிருந்தேன். "வந்துட்டாருப்பா கோட்டு வாத்தியாரு!" என்பார் முதலாளி.

பெட்டியிலிருந்து பிளேட்டை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். பிளேட்டில் கறுப்பும் வெள்ளையும் மாறித்தான் இருக்கும். வெள்ளை வேட்டி மை போலக் கறுத்திருந்தது. அவள் முகம் இருக்க வேண்டிய இடம் வெறும் கண்ணாடி. அதன் வழியே எதிர்க்கடைப் பாத்திரங்கள் பளிச்சென்று தெரிந்தன.

விடவில்லை. பிளேட்டின் முதுகில், முகத்துக்கு நேரே, மெல்லிய காகிதம் ஒட்டி வெளிச்சத்தைக் குறைத்து அச்சிட்டேன். கரி சாம்பலானது, முகம் ஆகவில்லை. மென்மையாக அச்சாகும் சாஃப்ட் காகிதம், அழுத்தமாக அச்சாகும் ஹார்டு காகிதம் எல்லாம் போட்டுப் பார்த்தேன். கடைசியில் பிளேட்டைக் கெட்டிப்படுத்தும் பாதரசக் கலவையில் முக்கினேன். அது இருப்பதைத்தான் பெருக்கும். பூஜ்யத்தை எதால் பெருக்குவது? என் கோட்டில் அவளுடைய கண், மூக்கு, கன்னம் எல்லாம் படுத்துக் கிடக்கும் அடிப்பகுதியில், ஒரே புள்ளியில் விழுந்துகிடந்தன. ஆறு எண்ணியிருந்தால் ஏறும் பகுதிக்கு வந்திருப்பாள். அவ்வளவு படித்து நான் திட்டவட்டமாகத் தெரிந்துகொண்டது அது ஒன்றைத்தான்.

எட்டாம் நாள் இருவரும் வந்தார்கள். "ரோஸ் சேல எடுத்தாச்சுங்க," என்றபடியே உள்ளே வந்தார் அந்த அம்மா. நான் படத்தை நீட்டினேன். இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

முதலாளி இடையில் புகுந்தார். "வருத்தப்படாதீங்க. பென்சில வெச்சு நானே மொகம் வரைஞ்சு தரேன். சாடை மட்டும் சொல்லுங்க."

"சின்னவ அவளாட்டவேதானுங்க இருப்பா," என்றார் அப்பா. "கூட்டியாரட்டுங்களா?"

அந்த அம்மா வெடுக்கென்று திரும்பினார். "ஏனுங்க, உசுரோட இருக்கறவ மொகத்தக் கொண்டுபோயிப் படையல்ல வெப்பாங்களா? ஒண்ணக் குடுத்தது பத்தாதா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். முதலாளி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நகர்ந்தார். அந்த அம்மா என்னிடம் வந்தார்.

"நீங்கதான சாமி புடிச்சது?"

"ஆமாங்க."

"கறுப்புத் துணிக்குள்ள தலைய உட்டு எல்லாத்தையும் பாத்துத்தான புடிப்பீங்க? எம்புள்ள சிரிச்சுக்கிட்டு நின்னாளா? அதையாச்சும் சொல்லுங்க."

மாப்பிள்ளையின் வேட்டி மடிப்பு ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருந்தது. ஓரத்தில் ஒரு பெண் நின்றாள் என்பதே இவர்கள் சொல்லித்தான் தெரியும். சிரித்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"தெரியலீங்கம்மா."

அந்த அம்மா அந்தச் சாம்பல் முகப் படத்தை மேசையில் என் பக்கமாகவே நகர்த்தி வைத்தார்.

"செரி, உடுங்க. சேலைய மட்டும் வெச்சுக் கும்புட்டுக்கறோம்." புருஷன் பக்கம் திரும்பி, "வாங்க, பஸ்ஸு போயிரும்," என்றார்.