வீட்டுக்குச் சொல்லாத மௌனம்

போன வருடம் புத்தரின் வெசாக் திருநாள் விடுமுறைக்கு முந்திய வாரம், வாழைச்சேனையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் துறைமுகத்தில் படகு இஞ்சின் திருத்துகிறவன், மெக்கானிக் என்பதால் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். இஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்தியே வாய் பழகிவிட்டது. நான் வீட்டில் ஏசினால் வாவிக்கு அக்கரையில் கேட்கும் என்று மனைவி சொல்வாள். அதில் பெரிய பொய் இல்லை.

அந்த மாதம் நான் திருத்திக் கொடுத்த படகொன்று நடுக்கடலில் நின்றுபோய், இன்னொரு படகு கட்டி இழுத்து வந்தது. பிழை என்னுடையது, ஒரு நட்டைச் சரியாக இறுக்கவில்லை. படகின் முதலாளி சிங்களவர், என் வயதுக்காரர், எங்கள் தமிழையே நன்றாகக் கதைப்பார். சட்டையில் பிடிக்கப்போகிறார் என்று தயாராக நின்றேன். "முதல்ல இஞ்சினப் பாருங்க பாஸ். கதைக்கிறத நாளைக்குக் கதைப்பம்" என்றார், அவ்வளவுதான். அவர் ஏசியிருந்தால் நானும் திருப்பி நாலு கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

எப்படி முடிகிறது என்று மறுநாள் அவரிடமே கேட்டேன். பொய், கோள், கடுஞ்சொல், வீண்பேச்சு நான்கையும் விடச் சொல்லிப் பன்சலையில், அவர்களுடைய புத்த கோயிலில், படிப்பித்தார்களாம். கோபம் வந்தால் தன்னிடமே மூன்று கேள்வி கேட்பாராம்: சொல்லப்போவது உண்மையா, அதனால் நன்மை உண்டா, அதற்கு இதுதானா நேரம்? போயா என்கிற பௌர்ணமி நாளில் சில் விரதம் எடுத்தால் தேவையில்லாமல் வாயே திறக்கமாட்டாராம். எனக்குக் கடைசியில் சொன்னதுதான் பிடித்தது. கேள்வி கேட்பதைவிட வாயை மூடுவது லேசு என்று பட்டது.

வெசாக்குக்கு முந்திய அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, கண்டியில் தாதியர் பயிற்சிக்கு மகளுக்கு இடம் கிடைத்தது. "அப்பா, வெள்ளிக்கிழமைக்குள்ள வாறன் எண்டு சொல்லோணும். போகட்டா?" என்று கேட்டாள். தெரியாத ஊர், தனியே ஒரு பெண்பிள்ளை! கோபம் தொண்டைவரை வந்துவிட்டது. அப்படியே விழுங்கிக்கொண்டு வெளியே நடந்தேன். வாவிக்கரையில் நின்றபோது என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம்வரை வீட்டில் வாய் திறப்பதில்லை என்று தீர்மானித்தேன். நான் ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான்.

சும்மா சொல்லக்கூடாது, பலன் கிடைத்தது. மறுநாளே நெஞ்சில் இருந்த கொதிப்பு அடங்கிவிட்டது. மகள் கெட்டிக்காரி, போகட்டும் என்று வியாழக்கிழமையே மனதுக்குள் முடிவெடுத்துவிட்டேன். விரதம் முடிந்ததும் சோறு சாப்பிடும்போது சந்தோஷமாகச் சொல்வோம் என்றிருந்தேன். வீடும் கோயில் மாதிரி ஆகிவிட்டது. மனைவி சத்தமில்லாமல் கோப்பையை வைத்தாள். நான் உள்ளே வந்தால் மகள் அறைக்குள் போனாள். என் அமைதி வீடு முழுக்கப் பரவிவிட்டது என்று நினைத்தேன், மடையன்.

எங்கள் ஊரில் ஏச்சை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. கதையாமல் விடுவதுதான் தண்டனை. காணிச் சண்டையில் கதையாமல் விட்ட அண்ணன் தம்பிமார் செத்தவீட்டிலும் முகம் பார்க்கமாட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாததா?

வெள்ளி காலையில் துறைமுகத்தில் முதலாளி ஏதோ கேட்க, பழக்கத்தில் தலையை மட்டும் ஆட்டினேன். "என்ன பாஸ், பல்லு வலியா?" என்றார். பெருமை தாங்காமல் என் விரதத்தைப் பற்றி முழுக்கச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். பிறகு, "வீட்டில சொல்லிட்டா இருக்கீங்க?" என்று கேட்டார். "நான் சில் எடுக்க முதலே பெண்சாதி பிள்ளைகளிட்டச் சொல்லிப்போடுவன். இல்லாட்டி என்ன கோவமோ எண்டு அதுகள் பயந்து போகும்."

கையில் ஒயிலோடு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

மகள் குசினிக்குள் அடுப்படியில் இருந்தாள். சற்று முன்தான் கண்டிக்குப் போன் எடுத்து, வரவில்லை என்று சொல்லிவிட்டாளாம். "மூணு நாளா அந்தப் பிள்ளை ஒழுங்காச் சாப்பிடல்ல. ஒரு வார்த்தை கதைச்சிருந்தா என்ன?" என்று மனைவி அழுதாள். மகள் அழவில்லை. "ஏசியிருந்தா நானும் சண்டை பிடிச்சிருப்பன் அப்பா. நீங்க கதையாம விட்டுட்டீங்க. அதுக்கு மேல நான் என்ன செய்யிற?" என்றாள். நான் அமைதியாக இருந்த நாளெல்லாம் என் பிள்ளை பசியோடு இருந்திருக்கிறாள்.

"நீ போகோணும் மகள். நேத்தே நினைச்சிட்டன்" என்று சொல்லி, போனை வாங்கி நானே கண்டிக்கு எடுத்தேன். பெயரை வெட்டியாகிவிட்டது என்றார் அங்கிருந்த அம்மா. வேறு நாளென்றால் போன் வெடித்திருக்கும். மூன்று கேள்வியையும் அப்போதுதான் முதல் தடவையாக உண்மையில் கேட்டேன். துறைமுகத்தில் பொறுக்கிய சிங்களத்தில், பிழை பிள்ளையிடம் இல்லை, அவளுக்குப் பதில் சொல்லாமல் இருந்தவன் நான், அவள் கட்டாயம் வருவாள் என்று மெதுவாகச் சொன்னேன். அந்த அம்மா சினந்தார். முடியாது என்றார். நான் குரலை உயர்த்தவும் இல்லை, போனை வைக்கவும் இல்லை. கடைசியில், விடுமுறை முடிந்து அலுவலகம் திறக்கிற அன்று காலையில் நேரில் வாருங்கள், இடம் இருந்தால் பார்ப்போம் என்றார்.

தெருவெல்லாம் வெசாக் கூடு விளக்குகள் தொங்க, நானும் மகளும் பஸ்ஸில் கண்டிக்குப் போனோம். நம்பிக்கை பாதிதான். ஆனால் திரும்பிப் போவதில்லை என்று இருவரும் அந்த அலுவலக வாங்குப் பலகையில் குந்திவிட்டோம். பின்னேரம் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

இப்போதும் ஒவ்வொரு போயாவிலும் நான் கதைப்பதில்லை. அந்தப் பிடியை விடவில்லை. அதற்கு முதல் நாளே கண்டியிலிருந்து மகள் போன் எடுத்து, "அப்பா, சொல்ல இருக்கிறதெல்லாம் இண்டைக்கே சொல்லிப்போடுங்க" என்று சீண்டுவாள். என் மனம் அமைதியாக இருக்கிறதா என்று நான் இப்போது என்னைக் கேட்பதில்லை. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்களா என்று பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.