மஞ்சள் வில்லை

விமான நிலையத்தில் சின்னவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே பெரியவள்தான். இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் இருப்பவர்கள். கல்யாணமாகி வந்த புதிதில் சின்னவள் பகலெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம் என்று பெரியவள் தன் சூப்பர்வைசரிடம் நடையாய் நடந்தாள். இப்போது அதை நினைத்தால் தன் தலையில் தானே நாலு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கும்.

பெரியவளுக்குத் திரைக்குப் பின்னால் வேலை. பெண் பயணிகளைச் சோதிக்கும் சின்ன அறை அது. கையை விரிக்கச் சொல்வாள். தோளிலிருந்து கணுக்கால் வரை தடவுவாள். செருப்பைக் கழற்றச் சொல்லி உதறிப் பார்ப்பாள். எல்லோரும் அவளிடம் வருவதில்லை. வரிசையின் முகப்பில் ஒருவர் நின்று, தனக்குத் தோன்றியவர்கள் கையில் மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை ஒன்றைக் கொடுப்பார். வில்லை வாங்கியவர்களுக்கு முழுச் சோதனை. மற்றவர்கள் பெட்டியை பெல்ட்டில் வைத்துவிட்டு, இரும்பு பட்டால் கூவும் வாசல் சட்டத்துக்குள் நடந்து போய்க்கொண்டே இருக்கலாம்.

அந்த முகப்பிடம் காலியானபோது முதலில் பெரியவளைத்தான் நிறுத்தினார்கள். மதியம் வரை அவள் ஒரு வில்லைகூடக் கொடுக்கவில்லை. கொடுக்கக் கை போகும். எதிரே நிற்கும் பயணி நிமிர்ந்து பார்ப்பார். கை திரும்பிவிடும்.

"உங்க கண்ணுக்கு எல்லாரும் நல்லவங்களா தெரியறாங்கம்மா. இந்த இடத்துக்கு அது சரிப்படாது," என்றார் சூப்பர்வைசர்.

நல்லவர்களாகத் தெரியவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். அதைச் சொல்வதைவிட நல்ல மனசுக்காரி என்று பெயர் வாங்குவது மேல் என்று திரைக்குள் திரும்பினாள்.

மறுநாள் சின்னவளை நிறுத்தினார்கள். அவள் வெண்டைக்காய் பொறுக்குவதுபோல வரிசையைப் பார்த்தாள். ஒடித்துப் பார்க்காத குறை. முதல் வாரமே ஒரு பெண்ணின் இடுப்பு மடிப்பில் பீங்கான் கத்தி அகப்பட்டது. இரும்பில்லாததால் சட்டம் கூவவில்லை. தடவி எடுத்தது பெரியவளின் கை. பாராட்டி ஓய்வறைச் சுவரில் மாட்டிய படம் சின்னவளுடையது. அன்றிலிருந்து பெரியவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு டீ குடித்தாள்.

அதன்பிறகு எந்த மடிப்பிலும் எதுவும் கிடைக்கவில்லை. வருகிறவர்கள் மட்டும் ஒரே சாயலில் வந்தார்கள். பையைக் கயிற்றால் கட்டியவர்கள், தலையை மூடியவர்கள், கேட்ட கேள்விக்குச் சிரிப்பை மட்டும் பதிலாகத் தருகிறவர்கள். ஏன் என்னை மட்டும் என்று அவர்கள் பெரியவளிடம்தான் கேட்டார்கள். வில்லை கொடுத்தவளுக்கு முன்னால் பவ்யமாக நின்றுவிட்டு, வசவையெல்லாம் திரைக்குள் கொண்டுவந்து கொட்டினார்கள்.

ஒரு மாலை, வெங்காயம் அரிந்துகொண்டே பெரியவள் கேட்டாள்.

"ஏண்டி, எப்பப் பாத்தாலும் ஒரே மாதிரி ஆளுங்களையே அனுப்பற?"

"எல்லாரையும் அனுப்பினா வரிசை ரோட்டுல போய் நிக்கும் அக்கா. யாரையுமே அனுப்பலன்னா நாம எதுக்கு?"

"அப்ப மூஞ்சியப் பாத்து முடிவு பண்ணிடுவியா?"

"மூஞ்சி இல்ல. நடை, முழி, பையைப் பிடிக்கிற விதம். கத்தி கிடைச்சுதா இல்லையா?"

"என் கையில கிடைச்சுது."

"அனுப்பினது யாரு?" சின்னவள் தட்டிலிருந்து ஒரு வெங்காயத் துண்டை எடுத்துக் கடித்தாள். "கோவிச்சுக்காதீங்க அக்கா. யூனிஃபார்ம் இல்லாம நீங்க வரிசையில வந்தா உங்களுக்கும் ஒரு வில்லை நிச்சயம்."

கொழுந்தன் சிரித்தான். அது பரவாயில்லை. பெரியவளின் கணவனும் சிரித்தான். "அந்த முழியே போதும்," என்றான். பெரியவள் வெங்காயத்தைச் சாக்காக வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று கண்ணாடியில் தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சின்னவள் சொன்னதில் தப்பில்லை. திரைக்குள் வருகிற முகம்தான் அது. அந்த இடத்திலிருந்து சின்னவளை இறக்க வேண்டும் என்று அப்போதுதான் தீர்மானமாகத் தோன்றியது.

வழி தானாக வந்தது. ஒவ்வொரு பயணத்திலும் தனக்கே வில்லை கிடைக்கிறது என்று ஒரு பெண் புகார் கொடுத்தாள். பத்திரிகைகளில் இரண்டு கட்சியாக எழுதினார்கள். ஆளைப் பார்த்துப் பிரிக்காமல் பாதுகாப்பு இல்லை என்று ஒரு கட்சி. முகத்தை வைத்துச் சந்தேகப்படுவது அவமானம் என்று இன்னொன்று. மேலிடத்திலிருந்து விசாரிக்க மூன்று பேர் வந்தார்கள். ஊழியர்களில் யாராவது பேசலாம் என்றதும் பெரியவள் எழுந்தாள்.

அவள் கோர்வையாகப் பேசவில்லை. கயிறு கட்டிய பைகளைப் பற்றிச் சொன்னாள். உடுப்பில் பணம் தெரிந்தால் வில்லை கிடைக்காது என்றாள். "என்னையே தெருவுல பாத்தா கூப்பிட்டு நிறுத்துவாங்க சார்," என்றபோது அழுதுவிட்டாள். மூவரில் ஒரு அம்மாள் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். கண்ணீர் யாருக்காக என்று யாரும் கேட்கவில்லை. கத்தியைப் பற்றியும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

வில்லை ஒழிந்தது. வரிசை முகப்பில் ஒரு பொத்தான் வைத்தார்கள். பயணி அழுத்தினால் மெஷின் தன்போக்கில் ஒரு விளக்கைப் போடும். பச்சை எரிந்தால் போகலாம், சிவப்பு எரிந்தால் திரைக்குள். பொத்தானுக்குப் பக்கத்தில் நிற்பதற்கு, நியாயமாகப் பேசியவள் என்று பெரியவளைப் போட்டார்கள். சின்னவள் திரைக்குப் பின்னால் போனாள். வீட்டில் அவள் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்விட்டாள். பெரியவளுக்கு அன்று சோறு நன்றாக இறங்கியது.

இரண்டாம் வாரம் திரைக்குள்ளிருந்து சிரிப்பு கேட்டது. சின்னவள் ஏதோ சொல்கிறாள், உள்ளே போன பெண் அடக்க முடியாமல் சிரிக்கிறாள். வெளியே வந்தவள், "நல்ல பொண்ணு," என்று பெரியவளிடமே சொல்லிவிட்டுப் போனாள். பெரியவள் இருந்த இத்தனை வருஷத்தில் அந்தத் திரைக்குள் யாரும் சிரித்ததில்லை. மறுநாளும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் திரைப் பக்கம் கையைக் காட்டி, "எங்க போட்டாலும் பொழைச்சுக்குவா," என்றார்.

அப்போது வரிசையில் ஒரு பெண் வந்தாள். பெரிய கறுப்புக் கண்ணாடி. டிக்கெட் கவுன்டரிலிருந்தே யாரையோ போனில் காய்ச்சிக்கொண்டு வந்தாள். பெட்டி தள்ளியவரைத் திட்டினாள், முன்னால் நின்றவரைத் திட்டினாள். பெரியவள் அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். இவளைச் சிரிக்க வைக்கட்டும் பார்க்கலாம் என்று நினைத்தாள்.

அந்தப் பெண் பொத்தானை அழுத்தினாள். பச்சை.

"சரியா அழுத்தலைங்க," என்றாள் பெரியவள். "இன்னொரு தடவை."

பச்சை.

"மெதுவா, விரலை எடுக்காம."

"என்ன விளையாடறியா?" என்றாள் அந்தப் பெண், போனைக் காதிலிருந்து எடுக்காமலே.

"மெஷின் புதுசுங்க."

மூன்றாவது முறை சிவப்பு எரிந்தது. பெரியவள் மரியாதையாகத் திரையைக் கைகாட்டினாள். அந்தப் பெண் உள்ளே போனாள். முதலில் ஒரு கத்தல் கேட்டது. பிறகு சின்னவளின் குரல், தணிவாக, என்ன சொல்கிறாள் என்று பிடிபடவில்லை. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பெரியவள் திரைப் பக்கம் சாய்ந்து காதைக் கொடுத்து நின்றாள். அழுத்தலாமா என்று அடுத்த பயணி இரண்டு முறை கேட்டுவிட்டுத் தானே அழுத்திக்கொண்டு போனார்.